பெரெனிஸ் அபோட்

பெரெனிஸ் அபோட் (ஜூலை 17, 1898 – டிசம்பர் 9, 1991) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். 1930களில் நியூயார்க் நகரின் கட்டிடங்களையும் தெருக்களையும் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் மேல்தளம் ஒன்றிலிருந்து இவர் எடுத்த நியூயார்க் இரவுக்காட்சி, நெடுநேரம் ஒளியை உள்வாங்கி எடுக்கப்பட்ட நகரப் படங்களுள் மிகவும் புகழ் பெற்றவற்றில் ஒன்றாகும்.

இளமையும் பாரிஸ் வாழ்வும்

அபோட் ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் பிறந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு 1918இல் நியூயார்க் சென்றார். சிற்பியாக வேண்டும் என்பதே அப்போது இவரது விருப்பம். அதற்காகவே 1921இல் பாரிஸ் சென்றார். பெர்னிஸ் என்ற இயற்பெயர் பிரெஞ்சு வழக்கை ஒட்டிப் பெரெனிஸ் ஆனதும் அங்குதான்.

1923இல் ஒளிப்படக் கலைஞர் மேன் ரே தம் இருட்டறைக்கு, இக்கலையில் முன்னறிவு ஏதும் இல்லாத ஓர் உதவியாளரைத் தேடினார். அத்தகுதி அபோட்டிடம் முழுமையாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில் தனிக் கண்காட்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்து, சொந்த நிலையமும் தொடங்கினார். ஜேம்ஸ் ஜாய்ஸ், ஜான் காக்தோ முதலியோரின் உருவப்படங்கள் இக்காலத்தவை.

1925இல் மேன் ரேயின் வழியாக யூஜின் அட்ஜேயின் படங்களை அபோட் கண்டார். பழைய பாரிசின் தெருக்களையும் கடைகளையும் சுமார் முப்பது ஆண்டுகள் படமெடுத்துவந்த அம்முதியவரை அன்று அறிந்தோர் சிலரே. 1927இல் அட்ஜேயைத் தம் நிலையத்திற்கு அழைத்து உருவப்படம் எடுத்தார். அதனைக் காட்டச் சென்றபோது அட்ஜே இறந்துவிட்ட செய்தியே கிடைத்தது. மறு ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களும் பல்லாயிரம் அச்சுப்படிகளும் கொண்ட அத்தொகுப்பை விலைக்கு வாங்கினார். இல்லாவிடில் அவை சிதறிப்போயிருக்கக்கூடும்.

மாறும் நியூயார்க்

அட்ஜேயின் படங்களுக்கு ஒரு பதிப்பாளரைத் தேடி 1929இல் நியூயார்க் வந்தவர், நகரம் அடையாளம் தெரியாமல் மாறிவருவதைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடங்கள் இடிக்கப்பட்டு வானளாவிகள் எழுந்துகொண்டிருந்தன. பாரிசில் நன்கு நடந்த நிலையத்தை மூடிவிட்டு நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பங்குச்சந்தை வீழ்ந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. நிறுவனங்களிடமும் தனவந்தர்களிடமும் கேட்ட உதவி கிட்டவில்லை. பிழைப்புக்கான வேலை போக, வாரத்தில் ஒரு நாளை மட்டுமே நகரைப் படமெடுக்க ஒதுக்க முடிந்தது. 1935இல் அரசின் கூட்டாட்சிக் கலைத்திட்டம் ஊதியமும் உதவியாளர்களும் அளித்த பின்னரே இப்பணி முழுநேரப் பணியானது.

இப்பணிக்கு இவர் பயன்படுத்தியது 8க்கு 10 அங்குல நெகட்டிவ் கொண்ட பெரிய கருவி. லென்சையும் பின்பலகையையும் தனித்தனியே நகர்த்தலாம் என்பதால், உயர்ந்த கட்டிடங்களின் செங்குத்துக் கோடுகள் மேலே குவிந்துவிடாமல் நேராக நிற்கும்.

இரவுக்காட்சி

இப்படம் பொதுவாக 1932ஆம் ஆண்டினது எனக் குறிக்கப்படுகிறது. 1934 எனக் கொள்வோரும் உண்டு. இதில் அடங்கிய சிக்கல் ஒரு நல்ல பொறியியல் கணக்கைப் போன்றது. கட்டிடங்களின் எல்லா சன்னல்களிலும் விளக்கு எரிய வேண்டும், அதே வேளையில் வானம் இருண்டிருக்க வேண்டும். அலுவலகங்கள் மாலை 5 மணிக்கு முடிந்ததும் விளக்குகள் அணையத் தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு முன்பே போதிய இருள் சூழ்வது, ஆண்டின் மிகக் குறுகிய பகல்கள் அமையும் டிசம்பர் மாதத்துச் சில நாட்களில் மட்டுமே. எனவே டிசம்பர் 20 அளவில், இருள் கவியும் வேளைக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியில் எடுத்தாக வேண்டும்.

தேவைப்பட்ட நேரம் 15 நிமிடம். எனவே கிடைப்பது ஒரே நெகட்டிவ். தவறினால் மறு ஆண்டுதான். மங்கிய ஒளியில் படலத்தின் உணர்திறன் குறைந்துவிடுவதால் நேரத்தை இருமடங்காக்கினாலும் விளைவு இருமடங்காகாது. ஆகவே அபோட் முன்கூட்டியே சோதனைகள் செய்து நேரத்தைக் கணித்தார். காற்றுக்கு அஞ்சிச் சன்னலுக்கு உட்புறம் நின்றே எடுத்தார். எனினும் அத்தகைய உயரமான கட்டிடம் தானே சிறிது அசையக்கூடியது. பிரகாசமான சன்னல்களின் ஒளி சுற்றிலும் பரவிவிடாதிருக்க, மென்மையாகச் செயல்படும் உருத்துலக்கும் கரைசல் ஒன்றையும் தயாரித்துக்கொண்டார். எடுத்ததை உடனே திரையில் பார்த்துக்கொள்ளும் இன்றைய வசதி இல்லாத காலம் அது.

நெகட்டிவ் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக அமைந்தது. வண்டி விளக்குகள் இழைந்து தெருக்கள் ஒளி வாய்க்கால்களாகத் தெரிய, கட்டிடங்களின் சன்னல்கள் ஒவ்வொன்றும் தனித்து நிற்கின்றன.

நூல்

1939இல் 97 படங்களுடன் மாறும் நியூயார்க் என்ற நூல் வெளிவந்தது. அபோட்டின் வாழ்க்கைத் துணையான கலை விமர்சகர் எலிசபெத் மெக்காஸ்லண்ட் இதற்கு விரிவான உரைகளை எழுதியிருந்தார். பதிப்பாளரோ அவ்வாண்டின் உலகக் கண்காட்சிக்கு வருவோர் வாங்கும் வழிகாட்டி நூலையே விரும்பினார். உரைகள் வெட்டப்பட்டு வெறும் தகவல் குறிப்புகளாயின. நூலில் இடம்பெறாதவற்றையும் சேர்த்து 300க்கும் மேற்பட்ட படங்கள் இத்திட்டத்தில் உருவாயின. இவர் படமெடுத்த பென்சில்வேனியா தொடருந்து நிலையம் 1963இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. மூன்றாம் அவென்யூவின் உயர்த்தப்பட்ட இருப்புப்பாதை 1955இல் மூடப்பட்டது.

அறிவியல் படங்கள்

அடுத்து அறிவியலின் பக்கம் திரும்பிய அபோட், நெடுங்காலம் ஆதரவின்றியே உழைத்தார். 1958இல்தான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த இயற்பியல் பாடத்திட்டக் குழு இவரை அழைத்தது. துள்ளிச் செல்லும் பந்தின் படம் மாணவர் பலருக்கும் பரிச்சயமானது. இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்து, சம இடைவெளிகளில் ஒளியை மின்னச்செய்து எடுக்கப்பட்டது அது. இரவுக்காட்சியில் அசைவுகள் கோடாக இழைந்தன; இங்கு அசைவு துண்டு துண்டாகப் பிரிகிறது.

அபோட் 1968இல் அட்ஜே தொகுப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார். மெயின் மாநிலத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்து, மான்சன் என்னும் ஊரில் தமது 93ஆவது வயதில் காலமானார்.