டிம் ஹார்ட்டன்ஸ்: டோனட் கடைக்கு ஹாக்கி வீரர் பெயர் வந்தது எப்படி?

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் ‘டிம்ஸ்’ல ஒரு காபி வாங்குவது அங்கே தினசரிப் பழக்கம். 2022-ல் டெல்லிக்கும் வந்துவிட்ட இந்த டிம் ஹார்ட்டன்ஸ் பிராண்டின் பெயர் ஒரு நிஜ மனிதருடையது. ஆனால், அந்தப் பெயர் சம்பாதித்த பெரும்பணம் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. என்ன நடந்தது?

யார் இந்த டிம் ஹார்ட்டன்?

1930-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் கோக்ரன் என்ற சிற்றூரில் பிறந்தவர். டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். அசாத்திய உடல் பலம். மைதானத்தில் சண்டை வந்தால் குத்தமாட்டார். எதிராளியை இறுக்கிக் கட்டிப்பிடித்தே அடக்கிவிடுவார். 1962, 63, 64, 67 என நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

அப்புறம் எதற்கு டோனட் கடை?

காரணம் சிம்பிள். அன்றைய ஹாக்கி வீரர்களுக்கு இன்றைய மாதிரி கோடிகளில் சம்பளம் கிடையாது. சீசன் இல்லாத கோடையில் மணல், ஜல்லி கம்பெனியில் வேலை பார்த்தவர் ஹார்ட்டன். 1955-ல் ஆட்டத்தின்போது நடந்த மோதலில் காலும் தாடையும் உடைந்தன. வீட்டில் மனைவி லோரி, நான்கு மகள்கள். ஆட்டம் முடிந்த பிறகு என்ன செய்வது என்ற கவலை இருக்காதா?

முதலில் ஹாம்பர்கர் கடைகள் போட்டார், எடுபடவில்லை. 1964-ல் ஹாமில்டன் நகரில் டோனட் கடை திறந்தார். காபி, டோனட், அவ்வளவுதான் மெனு. அடுத்த ஆண்டு அந்தக் கடையை நடத்த வந்தவர் ரான் ஜாய்ஸ், முன்னாள் போலீஸ்காரர். 1967-ல் இருவரும் சமபங்கு பார்ட்னர்கள் ஆனார்கள். ஒருவர் பெயரைக் கொடுத்தார், இன்னொருவர் கடைகளைப் பெருக்கினார்.

அந்த அதிகாலை

1974 பிப்ரவரி 21. அப்போது ஹார்ட்டன் பஃபலோ சேபர்ஸ் அணியில் இருந்தார். வயது 44. டொரன்டோவில் மேட்ச் முடிந்து, வழியில் ஓக்வில்லில் இருந்த கம்பெனி அலுவலகத்தில் ஜாய்ஸைப் பார்த்துவிட்டு, தன் ஸ்போர்ட்ஸ் காரில் பஃபலோவுக்குக் கிளம்பினார். செயின்ட் கேத்தரின்ஸ் அருகே, அதிவேகத்தில் போன கார் கவிழ்ந்தது. சீட் பெல்ட் போடாததால் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். சட்டம் அனுமதித்ததைப் போல இரு மடங்கு மது அவர் ரத்தத்தில் இருந்தது, 30 ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே தெரிந்தது.

அன்று இருந்தவை சுமார் 40 கடைகள்தான்.

குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

1975-ல் லோரி தன் பாதிப் பங்கை ஜாய்ஸிடம் 10 லட்சம் டாலருக்கு விற்றார். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால் கடைகள் நூற்றுக்கணக்கில் பெருக, விற்றது தவறு என்று தோன்றியது. பின்னாளில் நீதிமன்றம் போனார். விற்ற சமயத்தில் மாத்திரைப் பழக்கத்தால், சரியாக முடிவெடுக்கும் நிலையில் தான் இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தனைக்கும் அவருடைய ஒரு மகள் ஜாய்ஸ் வீட்டு மருமகள்!

1995-ல் கம்பெனி வெண்டீஸுடன் இணைந்தது. 2014-ல் பர்கர் கிங்குடன் கைகோத்தபோது அந்த டீலின் மதிப்பு சுமார் 1,100 கோடி அமெரிக்க டாலர்.

இன்று டிம்ஸில் காபி குடிக்கும் பலருக்கு ஹார்ட்டன் ஆடிய ஆட்டம் எதுவும் தெரியாது. ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு குடும்பத்துக்கு ஆகும் என்று அவர் போட்ட கடையில், இன்று அவருடையதாக மிஞ்சியிருப்பது போர்டில் உள்ள பெயர் மட்டும்தான்.