நாலு ஷேடு, நாலு பேட்டரி... கேம் பாய் தந்த குன்பே யோகோயின் கதை!

அடி அண்ணாமலை வழியா கிரிவலம் போயிருக்கீங்களா? திருவண்ணாமலை பெரிய கோயில்ல இருந்து நடக்க ஆரம்பிச்சா, 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தாண்டின பிறகு, மலைக்குப் பின்பக்கம் வர்ற ஊர். கால் வலி சரியா அங்கதான் வேலையைக் காட்டும். ஒரு பௌர்ணமி ராத்திரி அங்கே டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அண்ணன், தம்பி ரெண்டு பேர். பேச்சு பூரா ஒரே விஷயம்தான். வீட்டுக்கு வாங்கப்போறது பி.எஸ் 5-ஆ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸா?

அண்ணன் 12 டெராஃப்ளாப்ஸ் கட்சி. தம்பி 10.28 போதும் கட்சி. எதுல நிஜமான 4கே வருது, எதுல கம்மியா ஓட்டிட்டு 4கே மாதிரி இழுத்துக் காட்டுறாங்க, 60 ஃப்ரேம் எதுல நிக்குது... அவங்க டீ ஆறியே போச்சு. சாமி கும்பிட வந்தோம்ங்கிறதே ரெண்டு பேருக்கும் மறந்துபோன மாதிரி இருந்தது.

எதிரே ஒரு பொம்மைக் கடை. பலூன், புல்லாங்குழலுக்கு நடுவுல தொங்குச்சு ஒரு பிரிக் கேம். ஞாபகம் இருக்கா? மேல இருந்து கட்டை விழும், நாம திருப்பித் திருப்பி அடுக்கணும். அந்த ஸ்க்ரீன்ல மொத்தமே அகலத்துக்கு 10, உயரத்துக்கு 20, ஆக 200 கட்டம். கலர் கிடையாது, லைட் கிடையாது. பென்சில் பேட்டரி போட்டா மாசக்கணக்கில் ஓடும். 4கே-ன்னா 82 லட்சத்துச் சொச்சம் பிக்சல். 200 எங்கே, 82 லட்சம் எங்கே! ஆனாலும் அந்தக் கடை வாசல்ல ஒரு சின்னப் பையன் நகர மாட்டேன்னு நின்னுட்டு இருந்தான்.

அந்தப் பையனை நிக்க வெச்ச யோசனைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார். பெயர் குன்பே யோகோய். ஸ்பெக்ஸ் சண்டையில எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டு, ஆட்டத்தை ஜெயிச்சவர். கடைசியில ஒரு தடவை பெருசா தோத்தவரும்கூட.

சீட்டுக்கட்டு கம்பெனி மெக்கானிக்

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10, ஜப்பானின் கியோட்டோவில். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் உள்ளூர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கம்பெனி 1889-ல் இருந்து பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்தது. பெயர் நின்டெண்டோ. ஆமா, அதே நின்டெண்டோதான்! யோகோய்க்குக் கொடுத்த வேலை, சீட்டு அடிக்கிற மெஷின்கள் கெட்டுப்போகாமப் பார்த்துக்கிறது.

மெஷின் நல்லா ஓடினா மெக்கானிக்குக்கு என்ன வேலை? போர் அடிக்கும். அந்த நேரத்தில் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, பிடியை அமுக்கினா நீண்டு போய் பொருளைக் கவ்வுற ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அது முதலாளி ஹிரோஷி யமாவுச்சி கண்ணில் பட்டது. அறைக்கு வரச் சொன்னார். வேலை நேரத்தில் விளையாடினதுக்கு திட்டு விழப்போகுதுன்னு போனவருக்கு, அதையே பொம்மையாக்கிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்து 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதுக்கப்புறம் அவர் மெஷின் பக்கம் போகவே இல்லை. 1969-ல் லவ் டெஸ்டர். ரெண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டு, இன்னொரு கையால கருவியைப் பிடிக்கணும். உடம்பு வழியா போற மின்சாரத்தை அளந்து, காதல் எவ்வளவுன்னு முள் காட்டும். அறிவியல்படி சுத்த டுபாக்கூர்தான். பொண்ணுங்க கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேணும்னுதான் செஞ்சேன்னு அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனா ஒண்ணு கவனிங்க. உள்ளே இருந்தது மின்சாரத்தை அளக்கிற சாதாரண மீட்டர், அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிஞ்ச, மலிஞ்சுபோன ஒரு சாமானை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவது. வாழ்நாள் முழுக்க யோகோய் செய்தது இதைத்தான். இதுக்கு அவர் ஒரு பேரே வெச்சிருந்தார். உலர்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிக்கிறதுன்னு தமிழ்ல சொல்லலாம்.

ரயில்ல ஒரு கால்குலேட்டர்

1970-களின் கடைசியில் ஒரு நாள் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரில் ஒரு ஆபீஸ்காரர், பொழுது போகாம கால்குலேட்டர் பட்டனைத் தட்டிக்கிட்டு வர்றார். நாம இப்ப ரீல்ஸ் தள்ளுற மாதிரி. பார்த்தவருக்குப் பொறி தட்டியது. பெரியவங்க யார் கண்ணுக்கும் தெரியாம உள்ளங்கையில் வெச்சு விளையாட ஒண்ணு இருந்தா?

இந்த யோசனையை முதலாளியிடம் சொன்ன கதைதான் சுவாரஸ்யம். யமாவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. கம்பெனி கார் இடது பக்கம் ஸ்டியரிங் வெச்ச வெளிநாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிஞ்சவர் யோகோய். பெரிய மெஷின் பண்ற இன்ஜினீயரை டிரைவர் ஆக்கிட்டாங்களேன்னு மனசுக்குள்ள கொஞ்சம் கடுப்பு. சும்மா ஓட்டினா மரியாதை இல்லைன்னு, பேச்சுவாக்கில் இந்த கால்குலேட்டர் விஷயத்தைச் சொல்லிவைத்தார். முதலாளி பெருசா கண்டுக்கலை. ஆனா அன்னைக்குக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது, கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் கம்பெனித் தலைவர். ஒரு வாரத்தில் ஷார்ப் ஆட்கள் யோகோயைத் தேடி வந்துவிட்டார்கள்.

1980-ல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. கால்குலேட்டர் சிப், கால்குலேட்டர் ஸ்க்ரீன், கூடவே ஒரு கடிகாரம். பல மாடல்களாக வந்து மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது. 1982-ல் மடக்குகிற மாடல் ஒண்ணு செய்யும்போது, நீட்டிக்கிட்டு நிக்கிற ஜாய்ஸ்டிக்கை வெச்சா மூட முடியாதே என்ற பிரச்னை. அதுக்காக அவர் யோசிச்ச தட்டையான கூட்டல் குறி பட்டன்தான் டி-பேட். அந்த அண்ணன் தம்பி சண்டை போட்ட ரெண்டு கன்சோல் கன்ட்ரோலர்லயும் இடது கட்டைவிரலுக்குக் கீழே அது இருக்கு.

வெளிச்சத்தை வித்து வாங்கின பேட்டரி

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1989 ஏப்ரல் 21, ஜப்பானில் கேம் பாய் வெளியானது. விலை 12,500 யென். ஸ்க்ரீன் 160-க்கு 144, அதாவது 23,040 பிக்சல். ஒரு 4கே டிவியில் அதைப்போல சரியா 360 மடங்கு பிக்சல் இருக்கு. கலர் இல்லை. பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நாலே ஷேடு. பின்னாடி லைட்டும் இல்லை. ராத்திரியில் விளையாடணும்னா தெருவிளக்குக்குக் கீழேதான் போய் உட்காரணும். வேகமா ஓடுற உருவம் ஸ்க்ரீனில் கோடு இழுத்து மங்கும்.

இந்த ஸ்க்ரீனால் அந்த ப்ராஜெக்ட்டே கைவிடப்பட இருந்தது. முதலில் தேர்வு செய்த எல்.சி.டி-யைச் சாய்த்துப் பார்த்தால்தான் படம் தெரிந்தது. முதலாளி நேராப் பார்த்துட்டு, ஒண்ணுமே தெரியலையேன்னு கையை விரித்துவிட்டார். யோகோய்க்குத் தூக்கம் போனது. ஷார்ப் வேறு வகை எல்.சி.டி-யைக் கொண்டுவந்த பிறகுதான் உயிர் வந்தது. இதில் யோகோய் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் வன்பொருளை வடிவமைத்ததில் அவர் டீமில் இருந்த சதோரு ஒகாடாவின் பங்கு பெரியது. பல கட்டுரைகள் அவர் பெயரை விட்டுடுறாங்க, அதான் சொல்லிடுறேன்.

எதிரிகள் சும்மா இருப்பாங்களா? அதே 1989-ல் அமெரிக்காவில் அடாரி லின்க்ஸ். கையடக்கக் கருவியில் முதல் கலர் எல்.சி.டி, 4,096 வண்ணங்களில் ஒரே நேரத்தில் 16 காட்டும். 1990-ல் சேகாவின் கேம் கியர். அதுல ஒரே நேரத்தில் 32 வண்ணம், பளிச்னு லைட். விளம்பரங்களில் கேம் பாயை சேகா வெச்சு செஞ்சது.

பேப்பரில் பார்த்தா சேகாதான் ஜெயிக்கணும். ஆனா ரெசல்யூஷனை மட்டும் எடுத்துப் பாருங்க. கேம் கியரும் அதே 160-க்கு 144 தான்! லின்க்ஸ் 160-க்கு 102, கேம் பாயைவிடக் குறைவு. வித்தியாசம் கலரிலும் லைட்டிலும்தான். அந்த லைட்டுக்காக கேம் கியருக்குள்ள குட்டியா ஒரு டியூப் லைட்டே வெச்சிருந்தாங்க. அது பேட்டரியைக் குடிச்சது. 6 பென்சில் பேட்டரி போட்டா 3 முதல் 5 மணி நேரம். கேம் பாயில் நாலு போட்டா 10 மணி நேரத்துக்கு மேல். விலையிலும் பாருங்க, அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர், கேம் கியர் 150, லின்க்ஸ் அதுக்கும் மேல. ஸ்கூல் பையன் பாக்கெட் மணியில் வாரா வாரம் 6 பேட்டரி வாங்குறதை யோசிச்சுப் பாருங்க, புரிஞ்சிடும்.

எதிரி கம்பெனி புதுசா ஒண்ணு கொண்டுவந்திருக்குன்னு ஊழியர்கள் பதறி ஓடி வந்தப்போ, அது கலரான்னு மட்டும் யோகோய் கேட்டதாகவும், ஆமான்னதும் அப்போ கவலையே இல்லைன்னு சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. திமிர் மாதிரி தெரியலாம். ஆனா அதுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கரும்பலகையில் ரெண்டு வட்டம் வரைஞ்சு பனி மனிதன்னு சொன்னா, பார்க்கிறவங்க மனசே வெள்ளையை நிரப்பிக்கும் என்பது அவர் எண்ணம். ஆட்டம் நல்லா இருந்தா, இல்லாத கலரை மூளை போட்டுக்கும்.

நல்ல ஆட்டமும் அமைஞ்சது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதிய டெட்ரிஸ், அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்தே விற்கப்பட்டது. கட்டை விழுறதுக்கு எதுக்கு 4,096 கலர்? அடி அண்ணாமலை கடையில் தொங்கின பிரிக் கேம் அதோட காப்பிதான். பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து மொத்த விற்பனை 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல். கேம் கியர் சுமார் 1 கோடி. லின்க்ஸ் அதுல பாதியைக்கூடத் தொடலை. வளைகுடாப் போர் நேரத்தில் குண்டு வெடிப்பில் கருகிப்போன ஒரு கேம் பாய், அப்பவும் ஓடினதால, நியூயார்க் கடையில் அதை நின்டெண்டோ பல வருஷம் காட்சிக்கு வைத்திருந்தது.

நீங்க பி.எஸ் 5 செட்டிங்ஸில் குவாலிட்டி மோடா, பெர்ஃபார்மன்ஸ் மோடான்னு ஒரு கேள்வி பார்த்திருப்பீங்க. ரெசல்யூஷன் ஏத்தினா ஃப்ரேம் குறையும், ஃப்ரேம் ஏத்தினா ரெசல்யூஷன் குறையும். சிப்போட சக்தி ஒரு மாசச் சம்பளம் மாதிரி. எங்கேயோ செலவு பண்ணினா எங்கேயோ கையைக் கட்டணும். யோகோய் அந்தக் கேள்வியை உங்க கிட்ட விடாம, ஃபேக்டரியிலேயே பதில் எழுதி அனுப்பிட்டார். வெளிச்சத்தைக் கொடுத்துட்டு நேரத்தை வாங்கிக்கிட்டார்.

சிவப்பு உலகம்

அப்படிப்பட்டவர் எப்படித் தோத்தார்? 1995 ஜூலையில் வந்த விர்ச்சுவல் பாய். கண்ணை உள்ளே வெச்சுப் பார்க்கிற 3டி கருவி. ஒவ்வொரு கண்ணுக்கும் 384-க்கு 224 பிக்சல், 32 பிட் சிப். பேப்பரில் கேம் பாயைவிட எங்கேயோ இருந்தது. ஆனா பச்சை, நீல எல்.இ.டி-க்கள் அப்போ கொள்ளை விலை. அதனால் படம் முழுக்க சிவப்பும் கறுப்பும்தான். மேஜை மேல ஸ்டாண்டில் வெச்சு, குனிஞ்சு பார்க்கணும். கழுத்து வலி, தலைவலி. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நீங்க என்ன பார்க்கிறீங்கன்னே தெரியாது. சுமார் 7 லட்சத்து 70 ஆயிரத்தோடு நின்றுபோனது.

என் கணக்குப்படி, அதில் அவர் பாதி விதியைத்தான் கடைப்பிடித்தார். மலிவான சிவப்பு எல்.இ.டி என்பது பழைய யோகோய். ஆனா தலையை உள்ளே விட்டுப் பார்க்கிற 3டி இன்னும் உலரலை, பச்சையா இருந்தது. ரயிலில் கால்குலேட்டரைத் தட்டின மனுஷன் இதை எங்கே வெச்சு விளையாடுவார்?

1996 ஆகஸ்ட்டில், 31 வருஷ வேலையை விட்டு யோகோய் வெளியே வந்தார். தோல்விக்காகத் துரத்திட்டாங்கன்னு எழுதினாங்க. அவர் மறுத்தார். ஐம்பதைத் தாண்டினதும் தனியா ஏதாவது செய்யணும்ங்கிறது ஏற்கெனவே இருந்த ஆசை என்றார். போகும் முன்னால், மெலிதாக்கிய கேம் பாய் பாக்கெட்டையும் முடித்துக்கொடுத்தார். அதே வருஷம் பிப்ரவரியில் ஜப்பானில் போகிமான் வந்திருந்தது. செத்துடும்னு நினைச்ச நாலு ஷேடு கருவிக்கு ரெண்டாவது வாழ்க்கை.

கியோட்டோவில் கோட்டோ என்ற சின்ன கம்பெனி ஆரம்பித்தார். பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ம் தேதி, இஷிகாவா மாகாணத்தில் ஹோகுரிகு எக்ஸ்பிரஸ் சாலையில் அவர் சென்ற கார் சின்ன விபத்தில் சிக்கியது. என்ன சேதம் என்று பார்க்கக் கீழே இறங்கியவர் மீது, வந்த வேகத்தில் இன்னொரு கார் மோதியது. வயது 56.

அவர் விட்டுப்போன கருவி, வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் 1999 மார்ச்சில் வந்தது. 4,800 யென், கறுப்பு வெள்ளை ஸ்க்ரீன், ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 30 மணி நேரம். கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக குன்பே என்றே பெயர் வைத்தார்கள். ஆனா அதுக்கு முந்தின அக்டோபரிலேயே நின்டெண்டோ, லைட் இல்லாமல், ரெண்டே பேட்டரியில் ஓடுகிற கேம் பாய் கலரை இறக்கியிருந்தது. யோகோயின் கடைசிக் கருவியை ஓரங்கட்டினது, அவரோட சொந்த கேம் பாய் குடும்பம்தான்.

அடி அண்ணாமலை டீக்கடையில் அண்ணன் தம்பி சண்டை தீரலை. எழுந்து போறப்போ தம்பி எதிர்க்கடையில் நின்னு அந்த பிரிக் கேமைக் கையில் எடுத்தான். கடைக்கார அக்கா பேட்டரி போட்டுக் கொடுத்தாங்க. ஸ்க்ரீன் சரியா தெரியலைன்னு அதைக் கடை பல்பு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சான். அண்ணன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, இடது பக்கம் திருப்புடான்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.