பெட்டியோடு அலைந்த டாக்டர்

இண்டக்‌ஷன் காயில் என்றதும் நமக்கு லேப் ரெக்கார்டுதான் ஞாபகம் வரும். அதே காயிலை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக அலைந்த மனுஷர் ஒருவர் உண்டு, நண்பர்களே! அவர்தான் டாக்டர் துஷேன்.

1806-ல் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் பிறந்தார். அப்பா கப்பல்காரர். மகனோ கடலை விட்டுவிட்டு மருத்துவம் படித்து, 1831-ல் ஊர் திரும்பினார். பிரசவத்தில் மனைவி இறந்துபோக, மாமியார் பழியை மருமகன் தலையில் போட்டார். பெற்ற பிள்ளையையும் பிரித்துவிட்டார்கள். 1842-ல் மறுபடியும் பாரிஸுக்கே போனார்.

அங்கே கடைசிவரை அவருக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி கிடையாது. இருந்தாலும் தினமும் போவார். ஈரப்படுத்திய எலக்ட்ரோடுகளைத் தோல்மேல் வைத்து, ஒவ்வொரு தசையாகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்.

அப்படிப் பார்த்ததில் சில பையன்கள் அவரை உலுக்கிவிட்டார்கள். கெண்டைக்கால் சதை பயில்வானுக்கு இருப்பதுபோலப் புடைத்திருக்கும். ஆனால் மாடிப்படி ஏற முடியாது, அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது, தொடையில் கையூன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுவான். 1861-ல் எழுதியபோது, கோளாறு மூளையில் என்றுதான் துஷேன் நினைத்தார். அதோடு விட்டாரா? சதையில் குத்தி ஒரு துணுக்கை இழுத்தெடுக்கும் ஊசியைத் தானே வடிவமைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புடைத்த சதைக்குள்ளே நாரும் கொழுப்பும்! 1868-ல் 13 நோயாளிகளின் விவரத்தோடு, இது தசை நோயேதான் என்று எழுதினார். லண்டனில் மெரியன் என்ற டாக்டர் 1852-லேயே இந்த நோயைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் என்னவோ துஷேனுக்குத்தான் போயிற்று.

பிரிந்த மகன் டாக்டராகி, பல வருஷம் கழித்து அப்பாவோடு வந்து சேர்ந்தான். அவனும் அப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தான். 1875-ல் துஷேனும் மறைந்தார்.

நோயின் காரணம் பிடிபட இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனை 1986-ல் கண்டுபிடித்தார்கள். தசை நாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோஃபின் புரதம் அதிலிருந்துதான் உருவாகிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் நார் கிழியும். பையனுக்கு இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. அதனால் அவனுக்கு மாற்று இல்லை. இதை வைத்து அம்மாவைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம்! மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு, அம்மாவிடம் இல்லாத கோளாறு புதிதாகவே வருகிறது.

இப்போதெல்லாம் ரத்தத்தில் சி.கே. என்ற என்சைம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் உடனே ஜீன் பரிசோதனைதான். ஊசி குத்திச் சதை எடுக்கிற வேலை பெரும்பாலும் இல்லை.