கணித மேதை இராமானுஜன்

ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் நமக்கு, குமாஸ்தாவாக இருந்து உலகப் புகழ் எய்திய ஒருவரின் வரலாறு தனிப்பெருமை தருவதாகும்.

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். பள்ளி நாளில் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. அதில் முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நிரூபணங்களோ மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே ஆராய்ந்து பயின்றார். பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வில் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். ஹார்டி வியந்தார், ஆயினும் நிரூபணம் வேண்டினார். பகா எண்களைப் பற்றிய முடிவுகளிற் சில பிழையெனவும் புலப்பட்டது. 1914இல் கப்பலேறிய இராமானுஜன், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அவர் கண்ட புதுமையொன்றைக் காண்போம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பிரிக்கலாம். 9ஐ 30 வகையாகவும், 14ஐ 135 வகையாகவும் பிரிக்கலாம். 4இலோ 9இலோ முடியும் எந்த எண்ணாயினும், அதன் வகைகளின் தொகை 5ஆல் மீதியின்றி வகுபடும். இதனை 1919இல் வெளியான கட்டுரையில் மெய்ப்பித்தும் காட்டினார். ஆயினும், ஏன் அவ்வாறு வகுபடுகிறது? அவ்வினா எஞ்சி நின்றது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில், அவர் மறைந்தார்.

1944இல் டைசன் என்னும் ஆங்கிலேய இளைஞர் ஒரு வழி கூறினார். ஒவ்வொரு வகையிலும் உள்ள பேரெண்ணிலிருந்து, அவ்வகையின் உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். வருவதை 5ஆல் வகுத்து, மீதியைக் கொண்டு வகைகளைப் பிரித்தால் ஐந்து சம பங்குகள் அமையும் என்றார். 4க்குரிய ஐந்து வகைகளும் பங்குக்கு ஒன்றாக அமைவதை நாமே கணக்கிட்டுக் காணலாம். அத்தகைய எல்லா எண்களுக்கும் அது பொருந்துமென்பதை 1954இல் அட்கின், சுவின்னர்ட்டன்-டையர் ஆகிய இருவரும் மெய்ப்பித்தனர். வகுபடும் என்னும் உண்மை முன்னரே தெரிந்ததுதான். வகுபடுவதன் காரணம் அப்பொழுதே கண்ணுக்குப் புலப்பட்டது.

உண்மையென அறிதல் வேறு; ஏனெனப் புரிதல் வேறு. மைசூரில் பிழைக்க வந்த நம் குடும்பங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணையே பெருஞ்செல்வமாகக் கருதுகின்றன. ஏன் என்று கேட்ட மகனை, விடை வந்தாற் போதுமென நாமும் அதட்டியதுண்டு. இன்று அதற்காக வருந்துகிறோம். இராமானுஜன் மெய்ப்பித்ததன் காரணத்தைத் தெளிய உலகுக்கு 35 ஆண்டுகள் பிடித்தன. நம் குழந்தையின் வினாவுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுதல் நமக்கு அரிதாகுமோ?