கவிதையை எண்ணிப் பார்த்த இமாம் கலீல் (ரஹ்)

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரங்களில், ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளையை எதில் சேர்ப்பது? சமீபத்தில் ஒரு மாணவரே நேரில் வந்தார். கணக்கில் நல்ல மதிப்பெண். வீட்டுக்குத் தெரியாமல் கவிதையும் எழுதுகிறாராம். கற்பனை மூளை வேறு, கணக்கு மூளை வேறு, ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமக்கு எது என்று தெரியாமல் தவறான பக்கம் போய்விட்டால் பிழைப்பு என்னாவது என்பது அவருடைய கவலை.

அவருக்கு நாம் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னோம். மத்ரஸாவில் ஓதும் காலத்தில் அந்தப் பெயரை நாம் பாடமாகக் கேட்டதுண்டு. கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்து, யாப்பிலக்கணத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அவர் செய்த வேலையின் அளவு நமக்கு விளங்கியது. அவர்தான் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்ஃபராஹீதி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 100ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 718ஐ ஒட்டிப் பிறந்தார்கள். அஸ்து கோத்திரம், ஓமான் பூர்வீகம். வளர்ந்ததும் ஓதியதும் ஓதிக்கொடுத்ததும் ஈராக்கின் பஸரா நகரில். அபூ அம்ரு இப்னுல் அலா, ஈஸா இப்னு உமர் போன்ற பெரும் மொழியறிஞர்கள் அவர்களின் ஆசிரியர்கள்.

அரபிகளிடம் கவிதைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இஸ்லாத்துக்கு முன்பிருந்தே பாலைவனத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் ஒரு வரி ஏன் சரியாக ஒலிக்கிறது, இன்னொன்று ஏன் தடுக்கி விழுகிறது என்று கேட்டால் யாரிடமும் விளக்கம் இல்லை. காது சொல்லும், அவ்வளவுதான். இதற்கு முன் எவருக்கும் கொடுக்கப்படாத ஓர் அறிவைத் தமக்குத் தர வேண்டும் என்று இமாம் அவர்கள் மக்காவில் துஆ கேட்டதாக ஒரு செய்தி உண்டு. பஸராவின் பாத்திரக் கடைத்தெருவில் நடந்தபோது, செம்புத் தட்டுகளின் மேல் சுத்தியல் விழும் ஓசையைக் கேட்டு நின்றுவிட்டார்கள் என்பது இன்னொரு செய்தி. இரண்டையும் நம் முன்னோர் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓசையை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். கவிதையின் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டே வகையாகப் பிரித்தார்கள். ஹரகத் பெற்று அசையும் எழுத்து ஒன்று, ஸுகூன் பெற்று நிற்கும் எழுத்து ஒன்று. இந்த இரண்டும் சேரும் சிறு கூட்டங்களுக்குப் பெயர் தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தது பாலைவனத்துக் கூடாரம். கவிதையின் ஓரடிக்கு பைத், அதாவது வீடு. அதன் பாதிக்கு மிஸ்ராஃ, கதவின் ஒரு பக்கம். ஒலிக்கூட்டங்களில் ஒன்று ஸபப், கயிறு. இன்னொன்று வத்தத், கூடாரத்தை இழுத்துக் கட்டும் முளை. நாம் தமிழில் தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்கிறோமே, அதுபோல ஃபஊலுன், மஃபாஈலுன் என்று அளவுச் சொற்கள் வந்தன.

பிறகு அவற்றை வட்டங்களில் எழுதினார்கள். மொத்தம் ஐந்து வட்டங்கள். ஒரே வட்டத்தில் வெவ்வேறு இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால் வெவ்வேறு சந்தம் பிறக்கும். முதல் வட்டத்திலிருந்து தவீல், மதீத், பஸீத் என்ற மூன்று சந்தங்கள் வருகின்றன. அதே வட்டத்திலிருந்து இன்னும் இரண்டு வர முடியும். ஆனால் பழைய கவிஞர் எவரும் அவற்றில் பாடியதில்லை. அந்த இரண்டையும் இமாம் அவர்கள் புழக்கத்தில் இல்லாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள். எது சாத்தியம் என்பதைக் கணக்கு காட்டியது. எது உயிரோடு இருக்கிறது என்பதைக் காதுதான் சொன்னது. இந்த வேலையில் எங்கே கற்பனை முடிந்து எங்கே தர்க்கம் தொடங்குகிறது என்று நாமும் தேடிப் பார்த்திருக்கிறோம். கோடு போட முடியவில்லை. இப்படி அவர்கள் வகுத்த சந்தங்கள் 15. பதினாறாவதைப் பின்னர் அல்அக்ஃபஷ் சேர்த்தார் என்பார்கள்.

தனியாக உட்கார்ந்து பொருளில்லாத ஓசைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த தந்தையைக் கண்ட மகன், வெளியே ஓடிப்போய் வாப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரைக் கூட்டினாராம். இமாம் அவர்கள் கோபப்படவில்லை. தாம் செய்வது என்னவென்று பிள்ளைக்குத் தெரியாததால் அப்படிச் சொல்லிவிட்டான் என்று விட்டுவிட்டார்கள்.

அகராதி வேலையிலும் இதே முறைதான். கிதாபுல் ஐன் என்ற அந்த நூல் அரபியின் முதல் முழு அகராதி. (நூலை முழுமையாக்கியவர் மாணவர் லைஸ் என்று கருதுவோரும் உண்டு. திட்டம் இமாமுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து.) அதில் எழுத்துகள் அலிஃப், பே வரிசையில் இல்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஐனில் தொடங்கி, உதடு நோக்கி வருகின்றன. அப்புறம் கணக்கு. இரண்டு எழுத்தை இரண்டு விதமாக அடுக்கலாம், மூன்றை ஆறு விதமாக, நான்கை 24, ஐந்தை 120. அரபியின் 28 எழுத்துகளை இப்படி அடுக்கினால் ஒரு கோடியே 23 லட்சத்து 5 ஆயிரத்து 412 சேர்க்கைகள் வரும். இந்தக் கணக்கும் அவர்கள் பெயரிலேயே சொல்லப்படுகிறது. ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். இல்ம், அதாவது அறிவு, அங்கே இருக்கிறது. அமல், அதாவது செயல், இருக்கிறது. ஒளிர்வதைக் குறிக்கும் லமஃ இருக்கிறது. வழக்கில் உள்ள சொல்லுக்குப் பொருள் எழுதி, இல்லாததை இல்லை என்று குறித்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் மக்தபில் ஜபர், ஜேர், பேஷ் என்று கூட்டி ஓதுகிறார்களே, அந்தக் குறிகளின் வடிவமும் இமாம் கலீல் (ரஹ்) அவர்களுடையதாகவே சொல்லப்படுகிறது. அதற்கு முன் வண்ணப் புள்ளிகள்தான் இருந்தன. சின்ன அலிஃபைப் படுக்க வைத்து ஃபத்ஹா, சின்ன வாவை மேலே வைத்து ளம்மா, ஷீனின் தலையை வெட்டி எடுத்து ஷத்து, ஐனின் தலையிலிருந்து ஹம்ஸா. ஓவியம் தெரிந்த கை செய்த வேலை போலத்தான் இருக்கிறது.

இனி மாணவர்கள். ஸீபவைஹி பாரசீக வம்சத்தவர், ஹதீஸ் படிக்க பஸரா வந்தவர். ஓதும்போது இலக்கணப் பிழை விட்டு ஆசிரியர் திருத்தியதில் வெட்கப்பட்டு, இனி எவரும் தம்மைத் திருத்த முடியாத அளவுக்கு இலக்கணம் கற்பதென்று இமாமிடம் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய அல்கிதாப் இன்றும் அரபி இலக்கணத்தின் தாய்நூல். அதில் ஆசிரியரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

அஸ்மஈயின் கதை வேறு. அவருக்கு யாப்பு எவ்வளவு முயன்றும் ஏறவில்லை. இமாம் அவர்கள் திட்டவில்லை. ஒரு பழைய கவிதை வரியைக் கொடுத்து அலகிடச் சொன்னார்கள். முடியாததை விட்டுவிட்டு முடிந்ததற்கு நகர வேண்டும் என்பது அந்த வரியின் கருத்து. அஸ்மஈ புரிந்துகொண்டு யாப்பை விட்டார். பிற்காலத்தில் பழங்கவிதையையும் அருஞ்சொற்களையும் அறிந்தவர்களில் முன்வரிசைக்கு வந்தார். பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அஸ்மஈக்குக் கவிதை நன்றாகவே வந்தது, அதன் கணக்குதான் வரவில்லை. பிள்ளைக்கு வராதது ஒரு பாடமாக இருக்கலாம். அதற்காக மூளையே வேறு வகை என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

பிழைப்பைப் பற்றி அந்த மாணவர் கேட்டதற்கு நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இமாம் அவர்கள் பஸராவில் ஒரு நாணல் குடிசையில் வாழ்ந்தார்கள். அவர்களின் அறிவைக் கொண்டு மற்றவர்கள் செல்வம் சேர்த்தார்கள் என்று மாணவர் நள்ரு இப்னு ஷுமைல் வருந்தியிருக்கிறார். ஆளுநர் ஒருவர் ஆளனுப்பி அழைத்தபோது, வந்தவரிடம் காய்ந்த ரொட்டியைக் காட்டி, இது கிடைக்கும்வரை அவருடைய தேவை தமக்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை கிடைக்காததால் வந்த வறுமை அல்ல அது, தேடி வந்ததை மறுத்த வறுமை. குடும்பப் பொறுப்பு உள்ள பிள்ளையிடம் இதை அப்படியே செய் என்று நாம் சொல்லமாட்டோம். சொல்லவும் இல்லை.

முதிய வயதில் அவர்கள் ஒரு புதிய கணக்கு முறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போகும் ஒரு வேலைக்காரச் சிறுமியைக்கூடக் கடைக்காரர் ஏமாற்ற முடியாத அளவுக்கு எளிமையாக அது இருக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அதே யோசனையோடு பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர்கள் எதிரே இருந்த தூணைக் கவனிக்கவில்லை. மோதி விழுந்தார்கள். அதுவே அவர்களின் மரணத்துக்குக் காரணமானது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 170க்கும் 175க்கும் இடைப்பட்ட காலம் அது. அந்தக் கணக்கு முறை யாருக்கும் கிடைக்கவில்லை.