ஜேம்ஸ் டெய்லரும் கொழுந்துக் கூடையும்

கண்டி மாநகரின் மஹியாவை இடுகாட்டிலே ஒரு கல்லறை உளது. அதிலே பொறிக்கப்பட்ட பெயர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கைத் தேயிலையின் தந்தையெனப் போற்றப்படுபவர் இவரே. இவர் சரித்திரத்தைக் கூறுவோர் செடியையும் இயந்திரத்தையும் கூறி அமைவர். அச்செடி மலைநாட்டுத் தமிழ்ப் பெண்ணின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பதையுஞ் சேர்த்துக் கூறினாலன்றி அச்சரித்திரம் நிறைவுறாது.

டெய்லர் 1835-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆந் திகதி ஸ்கொத்லாந்தில் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரஞ் செய்யுந் தொழிலாளர். ஒன்பது வயதிலே தாயை இழந்த டெய்லர், பதினேழு வயது நிரம்புமுன்னரே, 1852-இல், கோப்பித் தோட்டப் பணிக்காக இலங்கையை அடைந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூலகந்துரத் தோட்டம் அவருக்கு வாய்த்தது. அன்று முதல் இறக்கும்வரை அம்மலையே அவர் வீடாயிற்று.

அது கோப்பி மலிந்த காலம். கோப்பிக்கு ஆள் மிகுதியாக வேண்டப்படுவது பழம் பறிக்குஞ் சில மாதங்களிலேதான். ஆகவே தமிழகத்திலிருந்து கங்காணியின் பின்னே வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மனைவி மக்கள் ஊரிலே காத்திருந்தனர்.

1867-இல் டெய்லர் லூலகந்துரவில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நட்டார். தம் பங்களாத் திண்ணையையே தொழிற்சாலையாக்கி, மேசைமீது கொழுந்தைப் பரப்பிக் கையாலே தேய்த்துச் சுருட்டுவித்து, களிமண் அடுப்பிலே கரிநெருப்பில் வாட்டினார். 1869-இல் கோப்பி இலையிலே துருநோய் தோன்றியது. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அழியத் தொடங்கின. 1872-இல் டெய்லர் முழுமையான தேயிலைத் தொழிற்சாலையொன்றை அமைத்தார். 1873-இல் அவர் தேயிலை 23 றாத்தல் இலண்டனுக்குச் சென்றது. 1895 அளவில் இலங்கையில் ஏறத்தாழ 3,00,000 ஏக்கரிலே தேயிலை விளைந்தது.

தேயிலைக்குப் பருவமென்பது இல்லை. ஏழு முதற் பத்து நாளைக்கொருமுறை கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் எடுத்தாகவேண்டும். அவ்வேலை பெண்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே தோட்டங்களுக்குக் குடும்பங்கள் வேண்டப்பட்டன. வந்து போன கூலிகள் லயங்களிலே நிலைத்த குடிகளாயினர். கணவனும் மனைவியும் பிரியாது வாழ அது வழி செய்தது என்பது மெய்யே. ஆயினும் அதன் பளுவைச் சுமந்தவள் பெண்.

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ஆகாரங் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, அவள் மலையேறினாள். மழையிலும் பனியிலும் கூடையை முதுகிற் சுமந்து கொழுந்தெடுத்தாள். கவ்வாத்து வெட்டுதல் போன்ற ஆண்களின் வேலை பலசமயம் நண்பகலோடு முடிந்துவிடும். அவளுடைய நாளோ மாலை நிறுவையோடும் முடிவதில்லை. லயத்திலே விறகும் நீரும் சமையலும் அவளுக்காகக் காத்திருக்கும். அவளை மேற்பார்த்த கங்காணி ஆண். அவள் ஈட்டிய கூலியையும் பல இடங்களிலே கணவனோ தந்தையோ பெற்றுச் சென்றனர். அக்கூலிதானும் ஆணின் கூலியினுங் குறைந்தது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழும் அவ்வேற்றுமை நீடித்தது. இருபாலாருக்கும் ஒரே நாட்கூலி 1984-இலேதான் வந்தது. டெய்லர் தேயிலை நட்டு அப்பொழுது 117 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தனை குடும்பங்களின் குடியேற்றத்துக்கு வழிவகுத்த டெய்லர் மணஞ் செய்துகொள்ளவில்லை. பிறந்த நாட்டுக்கு ஒருமுறையேனும் மீளவில்லை. அவர் எடுத்த ஒரே விடுமுறை 1874-இல் டார்ஜிலிங்குக்குச் சென்றது. அங்குங் கண்டுவந்தது தேயிலைத் தொழிலையே. நாற்பதாண்டு உழைத்தபின், பணியை விட்டு விலகுமாறு தோட்ட உரிமையாளர் பணித்தனர். அவர் அம்மலையை விட்டு அகல மறுத்தார். 1892-ஆம் ஆண்டு மே 2-ஆந் திகதி வயிற்றளைச்சலினால் அங்கேயே உயிர் நீத்தார்.

பருத்த மேனியர் அவர். பன்னிருவர் கொண்ட இரு குழுவினர் மாறிமாறிச் சுமந்து, அவர் உடலைக் கண்டிக்குக் கொணர்ந்தனர். சாமி துரையென்று அவரை அழைத்த தமிழ்த் தொழிலாளர் பின்னே நடந்து வந்தனர். தோட்டத்தை ஆண்ட துரைக்கு அவர்கள் அளித்த மரியாதை அது.

டெய்லரின் பெயர் கல்லிலே நிலைத்தது. லூலகந்துரவில் முதற் கொழுந்தைக் கிள்ளிய கைகள் எவருடையவை என்று எக்கல்லும் கூறாது. மஹியாவையில் அக்கல்லறை முன் நிற்போர், கூடை சுமந்த அத்தாய்மாரையும் ஒருகணம் நினைப்பாராக. தேயிலைக்குத் தந்தை ஒருவர் உண்டெனில், அதனை வளர்த்த தாயர் அவர்களே.