அன்னை தெரசாவுக்கும் பயம் இருந்தது!

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை நிறைய பேருக்குத் தெரியும். 1984-ல் தொடங்கியது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையும், 1979-ல் வாங்கிய நோபல் பரிசும்தான். ஆனா, அந்தப் புடவையை முதன்முதலா கட்டியபோது அவருக்கு வயசு 37. தங்க சொந்தமா இடமில்லை, கூட வேலை செய்ய ஆளில்லை. மனசுக்குள்ள பயம் மட்டும் நிறைய இருந்தது.

1910-ல் ஸ்கோப்ஜே நகரில் பிறந்த ஆக்னஸ், லொரேட்டோ சபையில் கன்னியாஸ்திரியாவதற்காக 1929-ல் இந்தியா வந்தார். கொல்கத்தா என்டாலியில் இருந்த செயின்ட் மேரீஸ் பள்ளியில் பாடம் நடத்தி, 1944-ல் தலைமை ஆசிரியை ஆனார். பிடிச்ச வேலை, பாதுகாப்பான இடம். 1946 செப்டம்பரில் டார்ஜிலிங் போகும் ரயிலில்தான், குடிசைப் பகுதி மக்களோடு போய் வாழணும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. அனுமதி கேட்டு பேராயருக்கு எழுதியபோது, தன் பயத்தை அவர் மறைக்கவே இல்லை. இந்த ஊர் ஏழைகள் மாதிரி சாப்பிட்டு, தூங்கி வாழ்வதை நினைத்தாலே பயமா இருக்கு, எல்லாரும் சிரிப்பாங்களோ என்றெல்லாம் எழுதினார். ரிசைன் லெட்டரை டைப் பண்ணிட்டு அனுப்பாம வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாவே புரியும்.

1948 ஆகஸ்டில் வெளியே வந்தார். மருத்துவம் தெரியாது. அதனால பாட்னாவில் மருத்துவ சேவை சகோதரிகள் நடத்திய மருத்துவமனைக்குப் போனார். நேத்து வரைக்கும் தலைமை ஆசிரியை. இப்போ ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கத்துக்கிற மாணவி. தானும் தன்னோடு வரப்போகிறவர்களும் வெறும் சோறும் உப்பும் சாப்பிட்டு வாழலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். அந்தச் சகோதரிகள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்படிச் சாப்பிட்டா நோயாளியைப் பார்க்கப் போறவங்களே நோயாளி ஆகிடுவாங்க என்று கண்டித்தார்கள். அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டார். என்னைக் கேட்டா, அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத நல்ல முடிவு இதுதான்.

டிசம்பரில் மோதிஜீல் குடிசைப் பகுதிக்குப் போனார். கரும்பலகை கிடையாது. குச்சியால் மண்ணில் எழுதிப் பாடம் நடத்தினார். சாயந்திரமானா, தங்க வீடு தேடி கால் வலிக்க நடந்தார். பழைய கான்வென்ட்டின் வசதி 'திரும்பி வந்துடு'னு இழுப்பதையும், தனிமையில் அழுததையும் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

1949 பிப்ரவரியில் கிரீக் லேன் 14-ம் எண் வீட்டின் மாடியை மைக்கேல் கோம்ஸ் என்பவர் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. மருந்துக்கடைகளுக்குக் கூடவே போய், ஏழைகளுக்காக மருந்தும் கேட்டார். மார்ச் மாதம், பள்ளியில் அவரிடம் படித்த சுபாஷினி தாஸ் முதல் ஆளாக வந்து சேர்ந்தார். துறவறத்துக்கு அந்தப் பெண் எடுத்துக்கொண்ட பெயர், டீச்சரோட பழைய பெயரான ஆக்னஸ்!

பிறகு பழைய மாணவிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1950 அக்டோபரில் சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1953-ல் அந்த மாடி போதாமல், லோயர் சர்குலர் ரோட்டில் இருந்த பெரிய வீட்டுக்கு மாறிப் போனார்கள்.